நாற்பதில் ஓடிய ஊர்

செங்காட்டுப்புதூரில் வைகாசி மாதத்துக் கடைசி வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சென்னியப்பன் தன் வீட்டுக் கார் ஷெட்டில், மரப்பலகையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்த அறுபத்து நாலாம் வருஷத்து மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஏழாவது உதையில் கிளப்பியபோது, அந்த எஞ்சினோடு சேர்த்து எங்கள் ஊருக்கும் ரன்னிங் இன் ஆரம்பித்துவிட்டது.

ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. சிலிண்டரைக் கடைந்து ரீபோர் போட்டுப் புது பிஸ்டன் இறக்கிய எஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நாற்பதுக்கு மேல் முறுக்கக் கூடாது, முறுக்கினால் சிலிண்டர் பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும் என்பது, லேத்துப் பட்டறைக்கும் விசைத்தறிக்கும் நடுவில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு நாலு வயசிலேயே தெரிந்த விஷயம். இந்த முறை எஞ்சினோடு ஊரும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டது, அவ்வளவுதான்.

பத்து இருபதுக்கு, ஒன்றை ஒன்று முந்துவதற்காகவே பெர்மிட் வாங்கிய இரண்டு மினி பஸ்களும் ஒன்றன் பின் ஒன்றாக, கல்யாணத்துக்குப் போகும் சம்பந்திகள் போல அடக்கமாக வந்து நின்றன. பத்தரைக்கு, ஊரின் ஆறாயிரம் தறிகளும் ஓட்டத்தில் பாதியாகக் குறைந்தன. பத்தே முக்காலுக்கு டீக்கடையில் இரண்டு பேர் சண்டைக்கு எழுந்து, குரல் ஓர் அளவுக்கு மேல் ஏறாததால் முதல் வசவைச் சொல்லிவிட்டு இரண்டாவதைத் தேடி, அது வந்து சேர்வதற்குள் எதற்கு எழுந்தோம் என்பதே மறந்து, மறுபடி உட்கார்ந்து இன்னொரு டீ சொன்னார்கள்.

அந்த எஞ்சினுக்கு ரீபோர் போட்டுக் கொடுத்தவர் லேத் ரத்தினசாமி. அவர் நடுத்தெருவில் நின்று, போகிற வருகிற வண்டிகளின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ஊருக்கே ரீபோர் ஆயிருச்சுங்க. இனி அந்த எஞ்சின் ஆயிரம் கிலோமீட்டர் ஓடி முடிக்கற வரைக்கும் நாமளும் நாப்பதுதான்."

சரி, ஓட்டி முடித்துவிட்டால் போச்சு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் ஓட்டுவதற்கு வண்டி இல்லை. எஞ்சின் மட்டும்தான் இருந்தது.

அதற்குக் காரணம் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்த ஒரு பாகப்பிரிவினை. சென்னியப்பனின் அய்யன் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவது) கண்ணை மூடியபோது, மூத்தவர் ருக்குமணி எனக்கும் பங்கு வேண்டும் என்றார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் பங்கு என்றார் தம்பி. சட்டம் இருக்குது என்றார் அக்கா. காடு, கிணறு, மாடு, காட்டுக்குள் இருந்த சாளை வீடு என்று எல்லாம் ஒரு வழியாகப் பிரிந்த பிறகு, அய்யன் ஓட்டிய மோட்டார் சைக்கிள் மட்டும் நடுவில் நின்றது. "அப்படின்னா அதையும் பாதியா அறுத்து எடுத்துக்கச் சொல்லுங்க" என்று சென்னியப்பன் கோபத்தில் சொன்ன வார்த்தையை, மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் பசியோடு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின் தம்பிக்கு, மிச்ச வண்டி அக்காவுக்கு. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் அக்கா பங்கில் போயிற்று. அந்த மீட்டருக்கு வரும் ஒயர் யாருக்கு என்று ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் அரிவாளால் நடுவில் வெட்டி ஆளுக்கு ஒரு முழம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நியாயம் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று ஊர் பாராட்டியது.

அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி நாலு தறி போட்டுப் பிழைத்த ருக்குமணி, தன் பங்கு வண்டியைப் புழக்கடையில் சாய்த்துவைத்து அதில் அவரைக்கொடியை ஏற்றிவிட்டார். ஹேண்டில்பார் முழுக்க அவரைக்காய் நன்றாகவே காய்த்தது.

தம்பி தன் பங்கு எஞ்சினைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்தார். இத்தனை வருஷம் கழித்து அதை இறக்கியதற்கு அவருடைய காதுதான் காரணம். முப்பத்தொரு வருஷம் ஸ்பின்னிங் மில் சத்தத்தில் நின்ற காது. திருப்பூரில் காது டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, மிஷின் வைத்தாலும் பிரயோசனம் இல்லை, ஆவணி வரை தாங்கினால் பெரிது என்று சொல்லிவிட்டார். சென்னியப்பன் பஸ்ஸில் திரும்பி வரும்போது, முழுசாக அடைத்துப்போவதற்குள் இன்னும் ஒரு தரம் கேட்க வேண்டிய சத்தம் எது என்று யோசித்தார். கோயில் மணி இல்லை, நாதஸ்வரம் இல்லை. அய்யனின் வண்டி தார் ரோட்டில் முழு மூச்சில் போகும் அந்தச் சத்தம்தான். அது ஒன்றைக் கேட்டுவிட்டால் பிறகு காது எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று இருந்தது அவருக்கு.

அதனால்தான் மூன்று மாதம் கார் ஷெட்டே கதியென்று கிடந்து, துரு ஏறிய எஞ்சினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் பழைய தகரத் தட்டுகளில் பரப்பி, தேய்ந்த வால்வை மணல் பசையால் உரசி, கிடைக்காத பேரிங்குக்குக் கோயமுத்தூர் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, மறுபடி ஒன்றுசேர்த்தார். கடைசியில் தட்டில் ஒரு வாஷர் மிஞ்சியது. வாஷர் மிஞ்சினால்தான் வேலை முடிந்தது என்பது ஃபிட்டர்களின் சாஸ்திரம். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிக்கரை உதைத்தார்.

பலகையில் நின்று ஓடும் எஞ்சின் எத்தனை நாள் ஓடினாலும் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாது. அதனால் ஊர் நாற்பதிலேயே தங்கிவிட்டது. எதையும் மூன்று நாளில் வழக்கமாக்கிக்கொள்ளும் ஊர் எங்களுடையது. பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்த கட்சிப் பேச்சாளர், எல்லையைத் தாண்டியதும் குரல் இறங்கிப்போக, மைக்கில் ஒன்றரை மணி நேரம் சாந்தமாகப் பேசினார். கத்தல் இல்லாததால் அவர் என்ன சொல்கிறார் என்பது முதல் முறையாக எல்லாருக்கும் காதில் விழுந்தது. ஒன்றுமே சொல்லவில்லை என்று தெரிந்து மக்கள் எழுந்து போனார்கள். வதந்திகளும் நாற்பதிலேயே போனதால் உண்மை நடந்தே போய் அவற்றைப் பிடித்துவிட்டது. ஓடிப்போன ஒரு ஜோடி நாற்பதில் போக, பெற்றவர்கள் நாற்பதில் துரத்த, இடைவெளி ஒரு அடிகூடக் குறையாமல் எல்லை வரை போய், அதற்குள் கோபம் ஆறி, அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு திரும்பினார்கள். நூற்றெட்டு வண்டியும் நாற்பதுதான். ஆனால் குறுக்கே பாய யாரும் இல்லாததால் முன்பைவிட ஐந்து நிமிஷம் முன்னதாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

இதெல்லாம் நல்லதுக்கா கெட்டதுக்கா என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. பிரிவதில் மட்டும் எங்களுக்கு எப்போதும் டாப் கியர்தான். பேரூராட்சித் தலைவர் தங்கமுத்து நாற்பது கட்சி. சுதந்திர தினம் வரை ஒரு விபத்துகூட இல்லாமல் இருந்தால் அன்றைக்கு ஊருக்குக் கலெக்டர் கையால் சாலைப் பாதுகாப்பு விருது என்று அவருக்குச் சேதி வந்திருந்தது. மறுநாளே "வேகத்தை அடக்கிய வேங்கையே" என்று நாலு முனையிலும் பேனர் ஏறிவிட்டது. தறிக்காரர்கள் அறுபது கட்சி. அவர்கள் பொறுக்கமாட்டாமல் எஞ்சினைப் பலகையோடு தூக்கி லாரியில் ஏற்றி ஊரைச் சுற்றி ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்கள். லாரியும் நாற்பதில்தான் போயிற்று. ஒன்பது நாள் ஆயிற்று. எஞ்சின் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. தான் ஓடினால்தான் ஓட்டம், சும்மா உட்கார்ந்து போனதெல்லாம் சேராது என்று லேத் ரத்தினசாமி விளக்கினார்.

இந்த நல்ல காலத்தில் நஷ்டப்பட்டவர் ஒருவர்தான். யாருமே குரலை உயர்த்த முடியாத ஊரில், மந்தமாகிக்கொண்டு வரும் காதோடு இருந்த சென்னியப்பனுக்கு ஒரு மனிதர் பேச்சும் கேட்கவில்லை. வீட்டுக்காரி சரோஜா சொல்ல வேண்டியதைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் காட்டினார். உப்பு இல்லை என்று எழுதுவார். சண்டையைக்கூட எழுதித்தான் போட்டார். பாவம், எழுத்தில் அதற்கு ருசி இல்லை.

லாரி திரும்பி வந்த மறுநாள் காலை, சென்னியப்பன் எஞ்சின் பக்கத்தில் குந்திக் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தெருப்பக்கம் வராத ருக்குமணி கார் ஷெட் வாசலில் வந்து நின்றார்.

"ஏண்டா, உன்ற எஞ்சின்னால என்ற தறி நாலும் நொண்டி அடிக்குது. நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

அடிவயிற்றிலிருந்து கத்தியதுதான். வெளியே வந்தபோது சாமி கும்பிடுகிற குரலாக இருந்தது. சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைவது தெரிந்தது.

"கேக்கல."

ருக்குமணி இரண்டு அடி உள்ளே வந்து இன்னும் பெரியதாகத் திட்டினார்.

"கேக்கலக்கா."

அந்த 'அக்கா' அவரை ஓர் அசைப்பு அசைத்தது. ஆனாலும் திட்ட வந்த இடத்தில் திட்டாமல் போனால் எப்படி. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் மேடையைத் தாண்டி வந்தார், தகரத் தட்டுகளைத் தாண்டி வந்தார், ஒவ்வொரு வசவுக்கும் ஓர் அடி என்று வந்து, கடைசியில் தம்பியின் தோளைப் பிடித்து, குனிந்து, வாயைக் காதோடு வைக்க வேண்டியதாயிற்று. இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்துவைத்த வார்த்தை, தொண்டை வரை வந்திருந்தது. அப்போது அவர் கண்ணில் அந்தக் காது பட்டது. மூன்று வயசில் காது குத்தியபோது அழுது புரண்ட தம்பியின் தலையை அழுத்திப் பிடித்தவர் அவர்தான். அன்றைக்கு அவன் கடித்த தழும்பு இன்னும் ஆள்காட்டி விரலில் இருக்கிறது. காதில் குத்திய அந்த ஓட்டை தூர்ந்துபோய் ஒரு புள்ளியாக இருந்தது.

"காது என்னடா ஆச்சு?" என்று கேட்டார்.

அது கேட்டது. சென்னியப்பன் டாக்டர் சொன்னதைச் சொன்னார். அய்யன் வண்டிச் சத்தத்தைச் சொன்னார். ஆவணியைச் சொன்னார். கேட்டு முடித்ததும் ருக்குமணிக்கு அழுகை வந்தது, அழுதார். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி காதோடு சொன்னார்.

"வண்டியை எடுத்துக்க. ஆனா அது என்ற பங்கு. என்ற பங்கு எங்க போகுதோ அங்க நானும் பின்னாடி உக்காந்து வருவேன். ஆயிரம் கிலோமீட்டரும் வருவேன்."

அவரைக்கொடியை அறுத்து வண்டியை எடுத்தார்கள். எஞ்சினைப் பூட்டினார்கள். வெட்டுப்பட்ட மீட்டர் ஒயரை மட்டும் ஒட்டவைக்க முடியவில்லை. இரண்டு முழத் துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, லேத் ரத்தினசாமியே கையை விரித்துவிட்டார். அதனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

மாரியம்மன் கோயிலிலிருந்து ஊர் எல்லைப் பாலம் வரை போய்வந்தால் பத்து கிலோமீட்டர், நூறு நடை போனால் முடிந்தது என்று ஊர் கணக்குப் போட்டு, டீக்கடைச் சுவரில் நடைக்கு ஒரு கரிக்கோடு போட்டது. ஆளில்லாத நேரத்தில் நாற்பது கட்சி கோட்டை அழித்தது, அறுபது கட்சி கோட்டைச் சேர்த்தது. நடையின் எண்ணிக்கை ஒரு நாள் அறுபத்தொன்றாகவும் மறுநாள் நூற்று நாற்பத்து மூன்றாகவும் இருந்ததால், பிறகு யாரும் அந்தச் சுவரைப் பார்க்கவில்லை.

பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழகிவிட்டனவா என்பதை ஒரு ஃபிட்டர் காதால்தான் கண்டுபிடிப்பான். சென்னியப்பனுக்கோ எஞ்சின் சத்தமும் ஒவ்வொரு நாளும் ஒரு முழம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. "எப்படிக் கேக்குது, சொல்லுக்கா" என்று வண்டி ஓட்டியபடியே கேட்டார். ருக்குமணிக்கு எஞ்சின் பாஷை தெரியாது. தெரிந்தது வேறு ஒன்று. சின்ன வயசில் அய்யன் சந்தை முடிந்து திரும்பும் சத்தத்தைத் தூரத்திலேயே பிடித்து, இப்போது எந்த இடத்தில் வருகிறார் என்று இருவரும் போட்டி போட்டுச் சொல்வார்கள். எப்போதும் அக்காதான் ஜெயிப்பார். அவர் தம்பியின் தோள்மேல் சாய்ந்து, வாயைக் காதில் வைத்துச் சொன்னார்.

"அய்யன் இன்னும் சந்தையவே தாண்டலடா."

பத்து நாள் கழித்து, "பனங்காட்டு மேட்டுல ஏர்றாரு" என்றார். ஆடி பிறந்தபோது அய்யன் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தார். அங்கேயே ஒரு வாரம் நின்றார்.

விருது நெருங்க நெருங்கத் தலைவருக்குத் தூக்கம் போயிற்று. தீர்மானம் போட்டு, நாற்பதைத் தாண்ட முடியாத ஊரில் அந்த ஐந்து கிலோமீட்டர் ரோட்டுக்குள் பதினொரு வேகத்தடைகள் கட்டினார். வண்டி அதன்மேல் ஏறி இறங்கிப் போயிற்று. பிறகு நேரிலேயே வந்தார். கார் ஷெட்டில் நின்று அவர் பேசிய முதல் பத்து நிமிஷமும் சென்னியப்பன் "கேக்கலீங்க" என்றே சொன்னார். அதுவரை யாருக்கும் குனிந்திராத தலைவர் குனிந்து காதோடு பேசினார்.

"பதினஞ்சாந் தேதி வரைக்கும் வண்டிய எடுக்காம இருங்க. மூணு வாரந்தானுங்க கேக்கறேன்."

"அந்த மூணு வாரம் என்றகிட்ட இல்லீங்களே."

"ஊரு பேரு பெருசுங்களா, உங்க காது பெருசுங்களா?"

ருக்குமணி குறுக்கே வந்தார். "ஊருக்குக் காது இருந்தா நாங்க எதுக்குங்க தெனமும் சுத்தறோம்?"

தலைவர் அதற்குப் பதிலை ஊருக்குப் போய் யோசிக்கிறேன் என்பது போலக் கிளம்பிவிட்டார். அவர் நின்றதே ஊரில்தான்.

ஆடி முடிகிற வாரத்தில் சென்னியப்பனுக்கு எஞ்சின் சத்தம் முழுவதும் நின்றுபோயிற்று. காலடியில் அதிர்வு மட்டும் இருந்தது. அக்கா காதோடு சொல்வது கூட, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. சென்னியப்பன் அதை அக்காவிடம் சொல்லவில்லை. நான் தேடிப் போனது போய்விட்டது, இனி ஊருக்காவது ஓட்டிக் கொடுப்போம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தினமும் கிக்கரை உதைத்தார். ருக்குமணிக்குத் தெரியாமல் இருக்குமா? கேள்வியே கேட்காமல் அவர் தானாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "வாய்க்காப் பாலம் வந்துட்டாருடா. புளியமரம் தாண்டிட்டாரு."

சுதந்திர தினத்தன்று காலை, மாரியம்மன் கோயில் மைதானத்தில் பந்தல் போட்டு, எங்களை எல்லாம் உட்காரவைத்து, தலைவர் மைக்கில் தாலாட்டுப் போலப் பேசிக்கொண்டிருந்தார். கலெக்டர் கார் நாற்பதில் வந்துகொண்டிருந்தது. வழக்கம்போல அக்காவும் தம்பியும் பாலத்தில் வண்டியைத் திருப்பினார்கள். பதினோராவது வேகத்தடையைத் தாண்டி நேர் ரோட்டில் ஏறியதும் ருக்குமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்தத் தூர்ந்த புள்ளியில் உதடு பட, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"தம்பி. அய்யன் வாசலுக்கு வந்துட்டாரு. முறுக்கு."

சென்னியப்பன் முறுக்கினார்.

ஊர் மொத்தமும் அந்த நொடியில் கட்டவிழ்ந்தது. ஆறாயிரம் தறிகளும் ஒரே நேரத்தில் தடதடத்தன. தலைவர் "அமைதிப் பூங்கா" என்று ஆரம்பித்த சொல் பாதியிலிருந்து அலறலாக மாறிக் கூம்பு ஒலிபெருக்கி ஒன்றைக் கிழித்தது. மினி பஸ்கள் இரண்டும் இரண்டு பக்கமும் கலெக்டர் காரை முந்திக்கொண்டு போய் விருதுப் பந்தலின் ஆளுக்கொரு காலில் மோதின. டீக்கடையில் அந்த இரண்டு பேரும் இரண்டு மாதமாகத் தேடிய இரண்டாவது வசவு கிடைத்து எழுந்தார்கள். பெயர் பொறித்த கேடயத்தைத் திருப்பி எடுத்துப் போக முடியாது என்பதால், சாய்ந்த பந்தலுக்கடியில் வைத்துத் தலைவருக்கு விருதைக் கொடுத்துவிட்டுப் போனார் கலெக்டர். தலைவர் அதை இன்றும் ஆபீஸில் மாட்டியிருக்கிறார்.

நேர் ரோட்டில் வண்டி ஐம்பதைத் தாண்டியது, அறுபதைத் தாண்டியது, காற்று முகத்தில் அறைந்தது. சென்னியப்பனுக்கு உள்ளங்காலிலும் முழங்காலிலும் அய்யனின் வண்டி ஓடியது. காதில் ஒன்றும் இல்லை. அதற்கும் பரவாயில்லை என்று அவர் பல்லைக் கடித்து இன்னும் முறுக்கியபோது, இருபத்திரண்டு வருஷமும் இரண்டு மாதமும் அடக்கிவைத்த குரல் முழுவதும் திறந்துகொள்ள, ருக்குமணி இரண்டு கையாலும் தம்பியின் இடுப்பை இறுக்கிக்கொண்டு, வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்த கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறக்கும்படி கத்தினார்.

"மொள்ளப் போடா!"

அது அவருக்குக் கேட்டது. டாக்டர் கைவிட்ட காதில் தெள்ளத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு அவருக்கு வேறு எதுவும் கேட்கவே இல்லை. சென்னியப்பன் சிரித்துக்கொண்டே கையைத் தளர்த்தி, ஊரே அறுபதுக்கும் எண்பதுக்கும் பறந்துகொண்டிருந்த அந்தக் காலையில், மீட்டர் இல்லாத அந்த வண்டியை, அக்கா சொன்னபடி, சரியாக நாற்பதுக்குக் கொண்டுவந்தார்.